சிமுலேட்டர் விமானி அறையின் இரவு விளக்குகள்: ஆசிரியருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கணினியில் இயங்கும் விமான சிமுலேட்டர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பயிற்சிப் பள்ளியில் சேருவதற்கு முன் வீட்டிலேயே பழகிக்கொள்ள விரும்பும் மாணவர்களுக்கு எந்தக் கணினி போதும், எந்த ஜாய்ஸ்டிக் நீடித்து உழைக்கும், எந்த மென்பொருளில் தொடங்கலாம் என்பதையெல்லாம் அக்கட்டுரை தெளிவாக எடுத்துரைத்திருந்தது. அதில் இடம்பெறாத ஒன்றைப் பற்றி மட்டும் இக்கடிதத்தில் எழுத விரும்புகிறேன். இரவுப் பறப்பின்போது சிமுலேட்டர் விமானத்தின் விமானி அறை விளக்குகளை எவ்வளவு ஒளியில் வைப்பது என்பதே அது. சிமுலேட்டரில் பறப்பதற்கென இலவசமாகப் பகிரப்படும் கணினி விமான மாதிரிகளுக்கு விளக்கமைப்புச் செய்து தரும் வேலையில் நெடுநாளாக ஈடுபட்டிருப்பதால், இதை வெறும் அலங்காரமாக எண்ணி ஒதுக்க என்னால் முடியவில்லை.

இணையத்திலிருந்து இறக்கிய ஒரு விமான மாதிரியை இரவு நேரத்தில் வைத்து முதன்முறையாகத் திறந்து பார்ப்பவருக்குக் கருவிப்பலகை முழுவதும் நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டியைப் போல ஒளிர்வது தெரியும். ஒவ்வொரு எண்ணும், ஒவ்வொரு சுவிட்சின் பெயரும் பளிச்சென்று நிற்கும். கண்ணாடிக்கு வெளியே பார்த்தால் கரும்பலகை. மாதிரியை விளம்பரப்படுத்தும் படங்கள் இப்படித்தான் எடுக்கப்படுகின்றன, பார்ப்பவர்களும் இதைத்தான் அழகென்று பாராட்டுகிறார்கள் என்பதால், செய்து வெளியிடுபவர்களும் அதே அளவைத் தொடக்க அமைப்பாக வைத்துவிடுகிறார்கள். அந்த அமைப்பைத் தொடாமலேயே மாதக்கணக்கில் பறந்து பழகும் மாணவர், விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் குமிழ் என்ற ஒன்று இருப்பதையே அறியாமல் இரவுப் பறப்பைக் கற்றுக்கொண்டதாக எண்ணிவிடுகிறார். எனக்குக் கவலை தருவது இதுதான்.

நம் விழித்திரையில் இரு வகைச் செல்கள் இருப்பதைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டுபவை கூம்புச் செல்கள். மங்கிய ஒளியில் வேலை செய்பவை குச்சிச் செல்கள். இருட்டுக்குள் சென்ற பிறகு கூம்புச் செல்கள் ஏறத்தாழ 10 நிமிடங்களில் தங்கள் எல்லையை எட்டிவிடுகின்றன. குச்சிச் செல்களில் உள்ள ரோடாப்சின் என்னும் நிறமி முழுமையாகத் திரும்பச் சேர்வதற்கோ 30 நிமிடங்கள் வரை ஆகின்றன. அவ்வளவு நேரம் காத்திருந்து பெற்ற இரவுப் பார்வையை ஒரே ஒரு வெள்ளை விளக்கு சில நொடிகளில் கலைத்துவிடக்கூடும். ஆகவே விமானி அறையின் விளக்குக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கடமைகள் உள்ளன: மானிகளைத் தயக்கமின்றிப் படிக்கும் அளவுக்கு ஒளி தர வேண்டும்; வெளியே உள்ள மங்கிய தொடுவானத்தையும் தொலைவில் வரும் மற்றொரு விமானத்தின் விளக்கையும் மறைக்காத அளவுக்கு அடங்கியும் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள குறுகிய இடத்தைத் தேடித்தான் விமானிகள் இரவு முழுவதும் குமிழ்களைத் திருகிக்கொண்டே இருக்கிறார்கள்.

எக்ஸ்பிளேன் 12 போன்ற இன்றைய சிமுலேட்டர்கள் காட்சியில் உள்ள ஒளியின் அளவைக் கணக்கிட்டு, அதற்கேற்பத் திரையின் மொத்த வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் காட்டுகின்றன. கண் கூசும் நிலையைக் காட்ட இது நல்ல வழிதான். ஆனால் இதன் விளைவாக, கருவிப்பலகை தேவைக்கு மேல் ஒளிர்ந்தால் மென்பொருளே வெளிக்காட்சியை மேலும் இருட்டாக்கிவிடுகிறது. “இந்தச் சிமுலேட்டரில் இரவில் ஒன்றுமே தெரியவில்லை” என்று குறைகூறுகிறவர்களிடம், முதலில் உங்கள் பேனல் (கருவிப்பலகை) விளக்கைக் குறைத்துப் பாருங்கள் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

குறைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும், ஏனெனில் பெரும்பாலான மாதிரிகள் தவறுவது இந்த இடத்தில்தான். மென்பொருளில் டிம்மர் குமிழின் நிலை 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணாகப் பதிவாகிறது. அந்த எண்ணை அப்படியே எடுத்து விளக்கின் ஒளியோடு பெருக்கிவிடுவதுதான் வழக்கம். குமிழ் பாதியில் இருந்தால் ஒளியும் பாதி. கணக்கு சரியாகத்தான் தோன்றும். ஆனால் நம் கண் ஒளியின் கூட்டல் கழித்தலைக் காண்பதில்லை, விகிதத்தையே காண்கிறது. ஒளியை நேர்விகித எண்களில் கணக்கிட்டு, கடைசியில் திரைக்கு ஏற்றபடி 2.2 என்ற காமா மதிப்பால் மாற்றி அனுப்பும் மென்பொருளில், குமிழைப் பாதிக்குக் கொண்டுவந்தால் திரைக்குச் செல்லும் எண் முழு அளவில் ஏறத்தாழ 73 சதவீதம். பத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தாலும் 35 சதவீதம். அதாவது, குமிழின் பெரும்பகுதியைத் திருகி முடித்த பின்னும் கருவிப்பலகை பிரகாசமாகவே இருக்கும். இரவுக்கு உண்மையில் தேவைப்படும் மங்கிய அளவுகள் எல்லாம் கடைசி ஒரு மயிரிழைத் திருப்பத்துக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்துவிடும். மவுஸால் அந்த இடத்தைப் பிடிப்பதற்குள் விளக்கு முழுவதும் அணைந்துவிடும். சலித்துப்போன பயனர் குமிழை மீண்டும் மேலே ஏற்றி விட்டுவிடுகிறார்.

இதற்குத் தீர்வு ஒரே ஒரு வரிக் கணக்குதான். குமிழின் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, கிடைக்கும் இருபடி மதிப்பை விளக்குக்குக் கொடுத்தால் போதும். குமிழ் பாதியில் இருக்கும்போது ஒளி நான்கில் ஒரு பங்காகும், திரையில் அது கண்ணுக்குப் பாதியாகவே தோன்றும். பத்தில் ஒரு பங்கில் ஒளி நூற்றில் ஒன்றாகும், திரை எண் 12 சதவீதமாகும். குமிழின் முழு நீளமும் பயன்படத் தொடங்கிவிடும். பழைய விமானங்களின் மாதிரியாக இருந்தால் இதைவிடவும் செங்குத்தான வளைவே உண்மைக்கு நெருக்கமானது. டங்ஸ்டன் இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்தின் 3.4-ஆம் அடுக்குக்கு ஏற்பக் குறையும் என்பது விளக்குப் பொறியாளர்கள் கையாளும் விதி. மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் ஒளி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடும். நிறமும் உடன் மாறும்: 2700 கெல்வின் நிறவெப்பத்தில் எரிந்த இழை 2000 கெல்வின் அருகே இறங்கி, மஞ்சளிலிருந்து செம்மஞ்சளுக்குப் போகும். எல்.இ.டி. விளக்கு அப்படி மாறுவதில்லை. மங்கினாலும் அதே நிறம்தான். 1970-களின் செஸ்னா சிறு விமானம் ஒன்றுக்கு எல்.இ.டி. விளக்கின் தூய வெண்மையைக் கடைசிவரை வைத்திருக்கும் மாதிரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

மெய்யான விமானங்களில் விளக்குகள் எவ்வளவு நுட்பமாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் கவனித்தால் மாதிரியில் எதைச் செய்ய வேண்டும் என்பது விளங்கும். அந்தக் கால செஸ்னா 172-இல் த்ராட்டிலுக்கு (இயந்திர விசைக் கட்டுப்பாட்டுக்கு) கீழே ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இரட்டைக் குமிழ் இருக்கும். ஒன்று கருவிப்பலகைக்கு, மற்றது ரேடியோக்களுக்கு. கூரையிலிருந்து பொழியும் விளக்கா, மானிகளின் அருகே நிற்கும் சிறு விளக்குகளா, அல்லது இரண்டுமா என்று தேர்ந்தெடுக்கத் தனியாக ஒரு சுவிட்ச். போயிங் 737-இல் பேனல், பின்னணி, ஆட்டோபைலட் பலகை, கூரை விளக்கு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு. கூரை விளக்கிலும் மங்கல், அணைப்பு, முழு ஒளி என்று மூன்று நிலைகள். எச்சரிக்கை விளக்குகளை மொத்தமாக மங்கலாக்க இன்னொரு சுவிட்ச் உண்டு, ஏர்பஸ் ஏ320-இலும் அதற்கு இணையானது இருக்கிறது. போயிங் 777-இல் ‘ஸ்டார்ம்’ என்று எழுதிய சுவிட்ச் இருப்பது பலருக்கு வியப்பளிக்கும். மின்னல் வெட்டும் மேகக் கூட்டத்துக்கு அருகே செல்லும்போது அதை அழுத்தினால் அறையின் விளக்குகள் முழு ஒளிக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் இருட்டுக்குப் பழகிய கண்ணே ஆபத்து, ஒரு மின்னலில் மானிகள் தெரியாமல் போய்விடும். பெரிய பயணிகள் விமானங்களுக்கான அமெரிக்க விதித்தொகுப்பின் 25.1381-ஆம் பிரிவும் இதையே கேட்கிறது: மானிகளும் சுவிட்சுகளும் எளிதில் படிக்கும்படி ஒளியூட்டப்பட வேண்டும், விளக்கின் நேர்க்கதிர் விமானியின் கண்ணில் படக் கூடாது, தொந்தரவான பிரதிபலிப்பு இருக்கக் கூடாது, மங்கலாக்காமலேயே எல்லா நிலைகளிலும் ஏற்றதாக இருக்கும் என்று நிரூபித்தால் ஒழிய ஒளியைக் கூட்டிக் குறைக்க வழி இருந்தாக வேண்டும்.

இவ்வளவும் எதற்காக என்று கேட்பவர்களுக்கு, 1978 ஜனவரி 1 அன்று மும்பைக் கடலில் நடந்ததை நினைவூட்ட விரும்புகிறேன். ஏர் இந்தியாவின் 855-ஆம் எண் விமானம், ‘எம்பரர் அசோகா’ என்ற பெயர் கொண்ட போயிங் 747, இரவில் மும்பையிலிருந்து எழும்பி அரபிக் கடலின் மேல் சென்ற சிறிது நேரத்தில் கேப்டனின் செயற்கைத் தொடுவான மானி பழுதடைந்தது. விமானம் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாக அது தொடர்ந்து காட்ட, அவர் இடப்பக்கமாகச் சாய்த்துக்கொண்டே போனார். வெளியே இருண்ட கடலும் இருண்ட வானமும் ஒன்றாகக் கலந்திருந்ததால் மானியின் பொய்யை வெளிப்படுத்த வேறெதுவும் கண்ணுக்குத் தென்படவில்லை. 213 உயிர்கள் போயின. அந்த விபத்துக்கு விளக்குகள் காரணமல்ல என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் தொடுவானம் இல்லாத இரவில் ஒரு மானியை மற்றொரு மானியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் உயிரைக் காக்கும் என்பதை அது காட்டுகிறது. அப்பழக்கம் வர வேண்டுமானால் பலகையில் உள்ள எல்லா மானிகளும், துணை மானி உட்பட, ஒரே சீரான ஒளியில் படிக்கக்கூடியவையாக இருக்க வேண்டும். முதன்மைத் திரை கண்ணைப் பறிக்க, ஓரத்தில் உள்ள துணைத் தொடுவான மானி இருளில் கிடக்கும் மாதிரிகள் இந்தப் பழக்கத்தை வளரவிடுவதில்லை.

இரவு ஒளியைப் பற்றிய மிக முக்கியமான பாடம் ஒன்று சிமுலேட்டரிலிருந்தே கிடைத்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். 1960-களில் புதிய ஜெட் விமானங்கள் சில, இரவில் தரையிறங்க நெருங்கும்போது விபத்துக்குள்ளானதைத் தொடர்ந்து, போயிங் நிறுவனத்தில் பணியாற்றிய உளவியலாளர் கான்ராட் கிராஃப்ட் நகர விளக்குகளின் மாதிரியை அமைத்து, அதை நோக்கி விமானிகளைச் சிமுலேட்டரில் இறங்கச் செய்தார். நடுவே நிலப்பரப்பு முழுவதும் இருண்டு, தொலைவில் மட்டும் விளக்குகள் தெரியும்போது, உயரமானியின் உதவியின்றிக் கண்ணை மட்டும் நம்பிய அனுபவசாலிகளும் இருக்க வேண்டிய உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டனர். கருந்துளை மாயை என்று இன்று எல்லா விமானிகளுக்கும் கற்பிக்கப்படுவது இதுவே. வீட்டுச் சிமுலேட்டரிலும் இதை ஒருவர் உணர முடியும். மீனம்பாக்கத்துக்குக் கிழக்கிலிருந்து, வங்கக் கடலின் மேலாக, நிலவில்லாத இரவில் 25-ஆம் ஓடுபாதையை நோக்கி வந்து பார்க்கலாம். ஆனால் பேனல் விளக்கு முழு அளவில் எரிந்து, நகரமே மங்கிப் போயிருக்கும் திரையில் இந்தப் பாடம் கிடைக்காது.

சரியான அளவைக் கண்டுபிடிக்கும் முறையைச் சொல்கிறேன். மாதிரியைத் தொடுவதற்கு முன் அறையையும் மானிட்டரையும் கவனிக்க வேண்டும். வீட்டு மானிட்டர்கள் முழு அளவில் சதுர மீட்டருக்கு 250 முதல் 350 கேண்டெலா (ஒளியின் அலகு) வரை ஒளிர்பவை, எல்.சி.டி. வகையில் பின்விளக்கு கசிவதால் அவற்றின் கருமைகூட முழு ஒளிர்வில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ கால் கேண்டெலா அளவில் நிற்கும். நிலவற்ற இரவில் நிலப்பரப்பின் ஒளிர்வு ஆயிரத்தில் ஒரு கேண்டெலாவுக்கும் குறைவு. இந்த இடைவெளியை எந்த மென்பொருளாலும் நிரப்ப முடியாது. மானிட்டரின் பின்விளக்கைக் குறைப்பது ஒன்றே வழி. அறை விளக்கை அணைத்து, பின்விளக்கை வசதியான அளவுக்கு இறக்கி, கைப்பேசியைத் திருப்பி வைத்துவிட்டு, சற்று நேரம் பொறுத்திருக்க வேண்டும். அரை மணி நேரம் காத்திருப்பது சாலச் சிறந்தது. கால் மணி நேரமாவது காத்திருக்கலாம். ட்யூப் லைட் எரியும் அறையில் உட்கார்ந்து இரவு விளக்கைச் சரிசெய்பவர், எப்போதும் வேண்டியதைவிட அதிகமாகவே வைப்பார்.

பிறகு விமானத்தை நகரத்திலிருந்து விலகிய இடத்தில் பறக்கவிட்டு, விமானி அறையின் விளக்குகள் அனைத்தையும் அணைத்துவிட வேண்டும். கண் வெளியே பழகியதும், கூரையிலிருந்து ஒளி பொழியும் பொழிவு விளக்கை மட்டும் மெல்ல ஏற்றி, பலகையின் விளிம்புகள் தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தலாம். அதன்மேல் மானிகளின் உள்விளக்கை ஏற்றி, உயரமானியின் எண்களை ஒரே பார்வையில் படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும்; உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது என்றால் ஒரு சிறு அளவு கூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். அடுத்தது ரேடியோக்கள், மின்திரைகள். பலரும் மறப்பது இவற்றைத்தான். பேனலை அழகாக மங்கலாக்கிவிட்டு, வரைபடத் திரையைப் பகல் அளவிலேயே விட்டுவைப்பார்கள். எச்சரிக்கை விளக்குகளை மங்கல் நிலைக்கு மாற்றி, சோதனைச் சுவிட்சால் ஒருமுறை எரியவிட்டுப் பார்க்க வேண்டும்: கண்ணில் பட வேண்டும், குத்தக் கூடாது. காந்தத் திசைகாட்டியின் சிறு விளக்கும் இதே கணக்கில் சேரும். இறுதியாகத் தலையை உயர்த்தி வெளியே பார்த்து, முன்பு தெரிந்த விண்மீன்கள் இப்போதும் தெரிகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். ஓடுபாதையை நெருங்கும்போது எல்லாவற்றையும் இன்னும் ஒரு படி குறைப்பது நல்லது. புறப்படும் முன் இருண்ட விமானி அறையில் சுவிட்சுகளைத் தேடுவதற்குக் கைவிளக்கே முறை. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் ஆல்ட், எல் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அது கிடைக்கிறது.

சிவப்பு விளக்கா, வெள்ளை விளக்கா என்ற கேள்விக்கு விமானத்தின் வகையே விடை. 640 நானோமீட்டருக்கு மேற்பட்ட சிவப்பை குச்சிச் செல்கள் ஏறத்தாழ உணர்வதே இல்லை என்பதால் முன்பு சிவப்பு விளக்கு பரவலாக இருந்தது. ஆனால் அதன் கீழ் வரைபடத்தின் சிவப்புக் கோடுகள் மறைந்துவிடும்; அருகில் உள்ளதைக் குவித்துப் படிப்பதும், குறிப்பாக நாற்பதைக் கடந்தவர்களுக்கு, கடினமாகும். மங்கிய வெள்ளை விளக்கு பயணிகள் விமானங்களில் நிலைபெற்றது இதனால்தான். வயதையும் கணக்கில் கொள்ள வேண்டும்: அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குச் சேரும் ஒளி, இருபது வயதுக்காரருக்குச் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே அளவு என்று எதுவும் கிடையாது.

ஆகவே மாதிரிகளை உருவாக்கும் இளைஞர்களிடம் என் வேண்டுகோள் இது. தமிழ்நாட்டிலிருந்தும் ஃப்ளைட்கியர், எக்ஸ்பிளேன் ஆகிய சிமுலேட்டர்களுக்கு ஆர்வத்தோடு இப்பணியைச் செய்ய முன்வருபவர்கள் இருப்பார்கள் என்று நம்புகிறேன். கருவிப்பலகை முழுவதும் ஒளிர்வதைக் காட்டும் ஒரே படக் கோப்பை வரைந்து ஒரே சுவிட்சில் கட்டிவிடாதீர்கள். பொழிவு விளக்கு, உள்விளக்கு, ரேடியோ, எச்சரிக்கை விளக்கு ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றின் குமிழுக்கும் மேலே சொன்ன வளைவுக் கணக்கை எழுதுங்கள். சூரியன் மறைந்ததும் தானாகவே பலகை ஒளிரும்படி அமைக்காதீர்கள். விளக்கைப் போடுவது விமானியின் வேலை. மின்னழுத்தத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டால், மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் பழுதடைந்து பேட்டரி இறங்கும்போது விளக்குகள் மெல்ல மஞ்சளித்து மங்குவதை மாணவர் காண்பார். அம்மீட்டரைப் பார்க்கத் தவறியவருக்கும் அது முதல் அறிகுறியாக அமையும். எக்ஸ்பிளேன் 12 வந்த பிறகு விளக்கின் ஒளிர்வை உண்மையான அலகுகளிலேயே குறிப்பிட முடிகிறது. அந்த வசதி இருக்கும்போது கண்மதிப்பில் ஓர் எண்ணைப் போட்டுவிட்டுச் செல்வதற்குக் காரணமில்லை. வெளியிடும் முன், இருண்ட அறையில், குமிழின் கடைசிப் பத்தில் ஒரு பங்கில் வைத்து ஒரு தரையிறக்கத்தையாவது செய்து பாருங்கள்.

பயிற்சிப் பள்ளிகளும் சேரவிருக்கும் மாணவர்களுக்குத் தரும் குறிப்பில் இரவு விளக்கு அமைப்பைப் பற்றிச் சில வரிகள் சேர்த்தால் பெரும் உதவியாக இருக்கும். தங்கள் நாளிதழ் இத்தொடரில் அடுத்த கட்டுரையை வெளியிடும்போது, இரவுப் பறப்புக்கென ஒரு பகுதி ஒதுக்கி, மேலே கூறிய அறை இருட்டு, மானிட்டர் ஒளிர்வு, விளக்குகளை ஏற்றும் வரிசை ஆகியவற்றையாவது இடம்பெறச் செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
பல்லாவரம், சென்னை.